உயிரியலிலும் வேதியியலிலும் குழப்பும் இணைச்சொற்களைப் பிரித்தறிவது எப்படி?

பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்ந்தவர்களுக்கும், போட்டித் தேர்வுக்காகப் பல ஆண்டுகள் கழித்துப் பாடநூலை மீண்டும் கையில் எடுத்தவர்களுக்கும் முதல் சில வாரங்களிலேயே ஒரு தொல்லை ஆரம்பித்துவிடும். தமனி, சிரை, ஆனோடு, கேத்தோடு, மோலாரிட்டி, மோலாலிட்டி என்று இரட்டை இரட்டையாக வரும் சொற்கள் வீட்டில் படிக்கும்போது தெளிவாக இருக்கும், வினாத்தாளைக் கண்டதும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ஞாபக மறதிதான் காரணம் என்று நினைத்து அதே வரையறையை இன்னும் பல முறை உருப்போடுவதே வழக்கமாக நடக்கிறது. ஆனால் பெரும்பாலான குழப்பங்கள் மறதியால் வருவதில்லை. ஒரு சொல்லின் வரையறையோடு அடிக்கடி சேர்ந்து வரும் ஏதோ ஓர் அடையாளத்தை அந்த வரையறையாகவே பிடித்துக்கொள்வதால் வருகின்றன. அந்த அடையாளம் பொய்த்துப்போகும் ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால், இணையில் எது எது என்பது அதன் பிறகு எளிதில் புரளாது. கீழே உள்ள படிகள் அந்தத் தேடலுக்கானவை.

படி 1: இணைகளைச் சேர்த்து எழுதுங்கள்

தனியாக ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்துக்கு ஓர் இணை என்ற கணக்கில், உங்களைக் குழப்பும் சொற்களை மட்டும் எழுதத் தொடங்குங்கள். பாடநூல் ஒரு சொல்லை மூன்றாம் பாடத்திலும் அதன் இணையை ஏழாம் பாடத்திலும் வரையறுத்திருக்கலாம். இரண்டையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவருவதே பாதி வேலை. முதலெழுத்துகளைக் கோத்து உருவாக்கும் மனப்பாட வாய்பாடுகளை இந்த நோட்டில் சேர்க்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. அவை விடையை நினைவூட்டும், ஆனால் காரணத்தைச் சொல்லாது. வாய்பாட்டில் ஓர் எழுத்து மறந்தால் எல்லாமே போய்விடும்.

பயிற்சிக்கு எளிதான ஓர் இணையிலிருந்து தொடங்கலாம். பேச்சு வழக்கில் ஐஸ் கட்டி கரைந்துபோனதாகவும் சொல்வோம், உருகிப்போனதாகவும் சொல்வோம். வேதியியலில் உருகுதல் என்பது ஒரே பொருள் திண்ம நிலையிலிருந்து திரவ நிலைக்கு மாறுவது; கரைதல் என்பதற்குக் கரைபொருள், கரைப்பான் என்று இரண்டு பொருள்கள் தேவை. தேநீரில் போட்ட சர்க்கரை கரைகிறது. அதே சர்க்கரையை வெறும் வாணலியில் இட்டுச் சூடாக்கும்போதுதான் உருகுதல் என்ற பேச்சே வருகிறது. "இங்கே எத்தனை பொருள்கள் உள்ளன?" என்ற ஒரு கேள்வி இந்த இணையைப் பிரித்துவிட்டது. ஆவியாதலையும் கொதித்தலையும் பிரிக்க "எங்கே நடக்கிறது?" என்று கேட்க வேண்டும். ஆவியாதல் திரவத்தின் மேற்பரப்பில் எந்த வெப்பநிலையிலும் நடக்கும். கொதித்தல், திரவத்தின் ஆவி அழுத்தம் சுற்றியுள்ள காற்றழுத்தத்துக்குச் சமமாகும் வெப்பநிலையில், திரவம் முழுவதிலும் குமிழிகள் தோன்றி நடப்பது. 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே கொதித்துவிடுவதற்குக் காரணம் இந்த வரையறையிலேயே இருக்கிறது.

படி 2: வரையறை எந்தக் கேள்விக்கு விடை என்று கேளுங்கள்

தமனி என்றால் ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய், சிரை என்றால் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய் என்று பலர் மனத்தில் பதிந்திருக்கிறது. படங்களில் ஒன்றைச் சிவப்பாகவும் மற்றொன்றை நீலமாகவும் தீட்டுவது இந்த எண்ணத்தை இன்னும் உறுதிப்படுத்திவிடுகிறது. உண்மையில் வரையறை திசையைப் பற்றியது. இதயத்திலிருந்து வெளியே இரத்தத்தைக் கொண்டு செல்வது தமனி. இரத்த நுண்குழாய்களிலிருந்து இதயத்தை நோக்கித் திருப்பிக் கொண்டு வருவது சிரை. உடலின் பெரும்பாலான இடங்களில் வெளியே போகும் இரத்தத்தில் ஆக்சிஜன் அதிகமாக இருப்பதால், அந்த அடையாளம் வரையறையோடு ஒட்டிக்கொண்டது.

அடையாளம் பொய்த்துப்போகும் இடம் நுரையீரல். வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து புறப்படும் நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தையே கொண்டு செல்கிறது. நுரையீரல் சிரைகள் ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தை இதயத்தின் இடது பக்கத்துக்குக் கொண்டு வருகின்றன. கருவிலும் இதே கதைதான்: தொப்புள்கொடியில் உள்ள ஒற்றைச் சிரை தாயிடமிருந்து ஆக்சிஜன் பெற்ற இரத்தத்தைக் கருவுக்குக் கொண்டு வருகிறது, இரண்டு தமனிகள் கருவின் இரத்தத்தை நச்சுக்கொடிக்குத் திருப்பி அனுப்புகின்றன. தடித்த சுவர், வால்வுகள் இருப்பது அல்லது இல்லாமை ஆகியவையும் சேர்ந்து வரும் பண்புகளே. தேர்வில் அவற்றை எழுத வேண்டும், ஆனால் வரையறைக்குப் பிறகுதான் எழுத வேண்டும்.

வேதியியலில் இதே வலையை விரித்து வைத்திருப்பவை ஆனோடும் கேத்தோடும். 1834-இல் மைக்கேல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த இந்தச் சொற்களை நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று தமிழில் சொல்லிப் பழகியதால், ஆனோடு எப்போதும் நேர்மின்தன்மை உடையது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. மின்சாரத்தைச் செலுத்தி வேதிவினையை நடத்தும் மின்னாற்பகுப்புக் கலத்தில் அது சரிதான். வேதிவினையிலிருந்து மின்சாரம் தரும் டேனியல் கலத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். துத்தநாகத் தகடு எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகக் கரைசலுக்குள் போகிறது. விட்டுச் சென்ற எலக்ட்ரான்கள் தகட்டில் சேர்வதால் அது எதிர்மின்தன்மை பெறுகிறது. ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரான் இழப்பு, நடக்கும் மின்வாய் எதுவோ அதுவே ஆனோடு என்பதால், எதிர்க்குறி இருந்தும் துத்தநாகமே அங்கே ஆனோடு. மின்னாற்பகுப்பில் வெளியிலுள்ள மின்கலம் எலக்ட்ரான்களை வலிந்து உறிஞ்சும் மின்வாயில் ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. அதன் குறி நேர்க்குறி. குறி மாறுகிறது, நடக்கும் வினை மாறவில்லை. ஆகவே ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களைக் கண்டதும் "குறி என்ன?" என்று கேட்காமல் "எலக்ட்ரானை இழப்பது எங்கே?" என்று கேளுங்கள்.

இந்த இடத்திலேயே ஆக்சிஜனேற்றி, ஒடுக்கி என்ற இணையையும் முடித்துவிடலாம். காப்பர் சல்பேட் கரைசலில் துத்தநாகத் துண்டைப் போட்டால் நீலம் மெல்ல வெளிறி, துண்டின் மேல் செம்பு படிகிறது. காப்பர் அயனி எலக்ட்ரான்களைப் பெற்று ஒடுக்கமடைகிறது. அப்படிப் பெறுவதன் மூலம் துத்தநாகத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. ஒடுக்கமடைவதே ஆக்சிஜனேற்றி. ஒரு பொருளுக்கு நேர்வது வேறு, அது மற்றதற்குச் செய்வது வேறு என்று இரண்டு வாக்கியங்களாக எழுதிப் பழகினால் இந்த இணை அடங்கிவிடும்.

படி 3: அளவைப் பற்றிய சொற்களில், எதனால் வகுக்கிறோம் என்று பாருங்கள்

மோலாரிட்டியும் மோலாலிட்டியும் ஓர் எழுத்தில் மட்டும் வேறுபடுகின்றன. குறியீட்டிலோ ஒன்று பெரிய எழுத்து எம், மற்றொன்று சிறிய எழுத்து எம். இரண்டிலும் மேலே இருப்பது கரைபொருளின் மோல் (துகள்களை எண்ணும் அலகு) எண்ணிக்கை. வேறுபாடு முழுவதும் கீழே இருக்கிறது. மோலாரிட்டியில் கரைசலின் கன அளவை லிட்டரில் எடுத்து வகுக்கிறோம். மோலாலிட்டியில் கரைப்பானின் நிறையைக் கிலோகிராமில் எடுத்து வகுக்கிறோம்.

ஆய்வகத்தில் இது எப்படி வெளிப்படுகிறது என்பதைச் சர்க்கரையைக் கொண்டு பார்ப்போம். சுக்ரோஸின் ஒரு மோல் 342 கிராம். ஒரு மோலார் கரைசல் வேண்டுமென்றால், 342 கிராம் சுக்ரோஸை ஒரு லிட்டர் திட்டக் குடுவைக்குள் இட்டு, கொஞ்சம் நீரில் கரைத்த பிறகு, கழுத்தில் உள்ள கோடு வரை நீர் சேர்க்க வேண்டும். சர்க்கரையும் இடத்தை அடைத்துக்கொள்வதால், நாம் சேர்க்கும் நீர் முக்கால் லிட்டரைவிடச் சற்றே அதிகமாக இருக்கும். ஒரு லிட்டர் ஆகாது. ஒரு மோலால் கரைசல் வேண்டுமென்றால் குடுவையின் கோட்டைப் பார்க்கத் தேவையே இல்லை; ஒரு கிலோகிராம் நீரை நிறுத்து எடுத்து அதில் 342 கிராமைக் கரைக்க வேண்டும். கிடைக்கும் கரைசல் சுமார் 1.2 லிட்டர் இருக்கும். அதன் மோலாரிட்டியைக் கணக்கிட்டால் 1-க்குப் பதில் ஏறக்குறைய 0.8 என்று வரும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, ஒரு லிட்டர் நீரில் 342 கிராமைக் கொட்டிவிட்டு அதை ஒரு மோலார் என்று பெயரிடுவது. மிக நீர்த்த கரைசல்களில் இரண்டு மதிப்புகளும் ஏறத்தாழ ஒன்றாகவே வருவதால் இந்தப் பிழை நெடுநாள் வெளியே தெரியாமல் இருந்துவிடும்.

வெப்பநிலை உயர்ந்தால் கரைசலின் கன அளவு மாறும், நிறை மாறாது. எனவே வெப்பநிலையோடு மாறுவது மோலாரிட்டி, மாறாதது மோலாலிட்டி. செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு மற்றொரு கரைசலின் செறிவைக் காணும் தரம் பார்த்தலில் பியூரெட், பிப்பெட் கொண்டு கன அளவை அளப்பதால் மோலாரிட்டி வசதியாக இருக்கிறது; கொதிநிலை ஏற்றம், உறைநிலைத் தாழ்வு ஆகிய கணக்குகளில் வெப்பநிலை மாறிக்கொண்டே இருப்பதால் மோலாலிட்டியைப் பயன்படுத்துகிறோம். எந்தக் கணக்குக்கு எது என்று தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

அளவையும் இயல்பையும் குழப்பிக்கொள்வது இதைவிட ஆபத்தான பிழை. வலிமைமிகு அமிலம் என்பதும் செறிவுமிகு அமிலம் என்பதும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். செறிவு என்பது குறிப்பிட்ட கன அளவு கரைசலில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அது நம் கையில் இருக்கிறது, நீர் ஊற்றினால் குறைந்துவிடும். வலிமை என்பது நீரில் இட்ட அமிலத்தில் எவ்வளவு பங்கு அயனியுறுகிறது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு நீர் ஊற்றினாலும் அசிட்டிக் அமிலம் வலிமைமிகு அமிலமாகிவிடாது, ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமை குறைந்ததாகவும் ஆகிவிடாது.

இரண்டு பீக்கர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 0.1 மோலார் அசிட்டிக் அமிலம், மற்றொன்றில் 0.001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். முதலாவதில் நூறு மூலக்கூறுகளில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் அயனியுற்றிருக்கும், அதன் பி.எச். சுமார் 2.9. இரண்டாவதில் ஏறத்தாழ எல்லாமே அயனியுற்றிருந்தும் மொத்த அளவே குறைவு என்பதால் பி.எச். 3. பி.எச். தாளால் இவற்றை வேறுபடுத்துவது கடினம். ஒவ்வொன்றிலும் 10 மில்லிலிட்டர் எடுத்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கிப் பாருங்கள்: அசிட்டிக் அமிலத்துக்கு 10 மில்லிலிட்டர் செலவாகும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கோ 0.1 மில்லிலிட்டர், அதாவது பியூரெட்டிலிருந்து விழும் இரண்டு துளி போதும். பி.எச். அந்தக் கணத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளை அளக்கிறது. தரம் பார்த்தல் கரைசலில் உள்ள மொத்த அமிலத்தை அளக்கிறது.

வலிமை குறைந்த அமிலம் என்றால் தீங்கற்றது என்று நினைப்பவர்களுக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைச் சொல்ல வேண்டும். வேதியியல் வரையறைப்படி அது வலிமை குறைந்த அமிலம். ஆனால் கண்ணாடியையே அரிக்கக்கூடியது, தோல் வழியாக உடலுக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தை உண்டாக்கக்கூடியது.

படி 4: எது ஒன்றாக இருக்கிறது, எது வேறுபடுகிறது என்று இரண்டு நிரல்கள் போடுங்கள்

ஐசோடோப்பு, ஐசோபார், மாற்றியம், புறவேற்றுமை வடிவம் ஆகிய நான்கையும் வெவ்வேறு தனிமங்களைக் கொண்டு விளக்குவது பாடநூல்களின் வழக்கம். நான்குக்கும் கார்பனையே எடுத்துக்கொண்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கார்பன்-12, கார்பன்-14 இரண்டிலும் புரோட்டான்கள் ஆறுதான், நியூட்ரான்கள் வேறு, இவை ஐசோடோப்புகள். கார்பன்-14, நைட்ரஜன்-14 இரண்டிலும் நிறை எண் ஒன்று, தனிமமே வேறு, இவை ஐசோபார்கள். வைரம், கிராஃபைட் இரண்டிலும் தனிமம் ஒன்று, அணுக்கள் பிணைந்திருக்கும் அமைப்பு வேறு. இவை புறவேற்றுமை வடிவங்கள். எத்தனால், டைமெத்தில் ஈதர் இரண்டிலும் மூலக்கூறு வாய்பாடு ஒன்று, அதாவது இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன், அணுக்கள் இணைந்திருக்கும் வரிசை வேறு, இவை மாற்றியங்கள். எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். டைமெத்தில் ஈதரோ சாதாரண அறை வெப்பநிலையில் வாயு.

இப்போது இரண்டு நிரல்களையும் மேலிருந்து கீழாகப் படித்தால், ஐசோடோப்பும் ஐசோபாரும் அணுக்கருவைப் பற்றிய சொற்கள், மற்ற இரண்டும் அணுக்கள் சேரும் விதத்தைப் பற்றிய சொற்கள் என்பது புலப்படும். ஒரு வைரத்துக்குள்ளேயே கார்பன்-12 அணுக்களோடு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கார்பன்-13 அணுக்களும் கலந்திருப்பதில் முரண் எதுவும் இல்லை. இரண்டு சொற்களும் இரண்டு வேறு தளங்களில் இயங்குகின்றன.

நிறை எண்ணையும் அணு நிறையையும் குழப்பிக்கொள்பவர்கள் குளோரினைப் பார்த்தால் போதும். நிறை எண் என்பது ஒரு தனி அணுவின் புரோட்டான், நியூட்ரான் கூட்டுத்தொகை. அது எப்போதும் முழு எண். தனிம வரிசை அட்டவணையில் குளோரினுக்கு 35.45 என்று போட்டிருப்பது, இயற்கையில் ஏறத்தாழ முக்கால் பங்காகவும் கால் பங்காகவும் கிடைக்கும் குளோரின்-35, குளோரின்-37 ஆகியவற்றின் சராசரி. 35.45 நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூட உலகில் இல்லை.

படி 5: ஒரே எடுத்துக்காட்டுக்குள் பல சொற்களை நிறுத்துங்கள்

மரபியலில் சொற்கள் இரண்டிரண்டாக வராமல் கூட்டமாக வருகின்றன: குரோமோசோம், மரபணு, அல்லீல், மரபணு ஆக்கம், புறத்தோற்றம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புது எடுத்துக்காட்டைத் தேடினால் குழப்பம் பெருகும். எல்லோருக்கும் தெரிந்த ஏ, பி, ஓ இரத்த வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனிதனின் 9-ஆம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இரத்த வகையைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு மரபணு இருக்கிறது. அந்த ஒரு மரபணுவுக்கு ஏ, பி, ஓ என்று முதன்மையாக மூன்று வடிவங்கள் மக்களிடையே உள்ளன; இவை அல்லீல்கள். "ஏ மரபணு, பி மரபணு" என்று பேச்சில் சொல்வது தவறான படத்தை மனத்தில் எழுப்பிவிடுகிறது. மரபணு ஒன்றுதான், அதன் வடிவங்களே மூன்று. தாயிடமிருந்து ஒரு 9-ஆம் குரோமோசோமும் தந்தையிடமிருந்து ஒன்றும் வருவதால், மூன்று அல்லீல்களில் ஒருவருக்குக் கிடைப்பவை இரண்டே. அந்த இரண்டின் சேர்க்கை மரபணு ஆக்கம்; ஆய்வகச் சீட்டில் வரும் விடை புறத்தோற்றம். ஏ-ஏ, ஏ-ஓ என்ற இரண்டு மரபணு ஆக்கங்களும் சீட்டில் ஏ வகை என்றே வரும். மொத்தத்தில் மரபணு ஆக்கங்கள் ஆறு, புறத்தோற்றங்கள் நான்கு. ஏ வகைத் தாய்க்கும் பி வகைத் தந்தைக்கும் ஓ வகைக் குழந்தை பிறப்பது எப்படி என்று கேட்கும் வினாவுக்கு, இந்த எண்களைப் புரிந்துகொண்டவர் நொடியில் விடை சொல்லிவிடுவார்.

ஆன்டிஜென், ஆன்டிபாடி என்ற இணையும் இதே எடுத்துக்காட்டுக்குள் அடங்கும். ஏ வகை இரத்தத்தின் சிவப்பணுப் பரப்பில் இருப்பது ஏ ஆன்டிஜென். அதே ஆளின் பிளாஸ்மாவில் இருப்பது பி ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடி. ஒன்று செல்லின் மேல் ஒட்டியிருக்கிறது, மற்றொன்று திரவத்தில் மிதக்கிறது. ஓ வகையில் ஏ, பி ஆன்டிஜென்கள் இரண்டும் இல்லை, அவற்றுக்கெதிரான ஆன்டிபாடிகள் இரண்டும் உண்டு. ஆன்டிபயாட்டிக் என்ற மூன்றாவது சொல்லைச் சிலர் இங்கே இழுத்துவந்துவிடுவார்கள். அது பாக்டீரியாக்களைக் கொல்லவோ வளரவிடாமல் தடுக்கவோ கொடுக்கும் மருந்து. நம் உடல் உருவாக்கும் ஆன்டிபாடி புரதத்தோடு அதற்கு உறவு கிடையாது, வைரஸ்களின் மேல் அது வேலையும் செய்யாது.

ஏபி இரத்த வகையில் இரண்டு ஆன்டிஜென்களும் முழுமையாக வெளிப்படுகின்றன. இது இணை ஓங்குத்தன்மை. சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளை அந்திமந்தாரையையும் கலந்தால் முதல் தலைமுறையில் இளஞ்சிவப்பு மலர்கள் கிடைக்கின்றன. இது முழுமையற்ற ஓங்குத்தன்மை. முன்னதில் இரண்டையும் தனித்தனியே காணலாம், பின்னதில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றைத்தான் காண்கிறோம்.

படி 6: செயல்முறைகளில், எது எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று வரையுங்கள்

மூச்சு விடுதலும் சுவாசமும் அன்றாடப் பேச்சில் ஒன்று. உயிரியலில் மூச்சு விடுதல் என்பது காற்று நுரையீரலுக்குள் போய்வரும் இயக்கம்; செல் சுவாசம் என்பது செல்லுக்குள் குளுக்கோஸ் போன்ற உணவுப்பொருளைச் சிதைத்து ஆற்றலை ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வடிவில் எடுக்கும் வேதிவினைத் தொடர். மரத்துக்கு நுரையீரல் இல்லை, ஆனால் சுவாசம் உண்டு. தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கையும் இரவில் சுவாசமும் செய்கின்றன என்ற பரவலான நம்பிக்கை இந்தக் குழப்பத்தின் பிள்ளை. தாவர செல்கள் இரவு பகல் பாராமல் சுவாசிக்கின்றன. பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் அதிகமாக இருப்பதால் வெளியே ஆக்சிஜன் வருவது மட்டும் நம் கண்ணில் படுகிறது.

காற்றில்லாச் சுவாசத்தையும் நொதித்தலையும் பள்ளி நூல்கள் பல நேரங்களில் ஒன்றாகவே சொல்கின்றன. மேல்நிலை உயிரியலில் இரண்டும் வேறு. காற்றில்லாச் சுவாசத்தில் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி உண்டு. அதன் முடிவில் எலக்ட்ரானை ஏற்க ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட் போன்ற வேறு பொருள் இருக்கும். நொதித்தலில் அந்தச் சங்கிலியே இயங்குவதில்லை. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லியூகோனோஸ்டாக் பாக்டீரியா செய்வது நொதித்தல்; அதிலிருந்து வரும் கார்பன் டைஆக்சைடு மாவை உப்ப வைக்கிறது, லாக்டிக் அமிலம் புளிப்பைத் தருகிறது.

விரவுதல், சவ்வூடு பரவல் என்ற இணையில் அம்புக்குறி போட்டுப் பார்ப்பது மிக உதவும். விரவுதலில் எந்தத் துகளும் தன் செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பரவலாம், சவ்வு தேவையில்லை. சவ்வூடு பரவலில் நகர்வது கரைப்பான். நடுவே ஒரு பகுதி ஊடுருவும் சவ்வு இருந்தாக வேண்டும். ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் சிறிது நேரத்தில் பாத்திரத்தின் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். உப்பு, காயிலிருந்த நீரைச் செல் சவ்வுகளின் வழியே வெளியே வரவைக்கிறது. மருத்துவமனையில் ஏற்றும் சலைன் 0.9 சதவீத உப்புக் கரைசலாக இருப்பதும் இதனால்தான்: வெறும் நீரை ஏற்றினால் அது சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை வெடிக்கச் செய்யும், செறிவான உப்பு நீர் அவற்றைச் சுருங்கச் செய்யும்.

உட்கவர்தலும் பரப்புக் கவர்தலும் இன்னோர் இணை. பஞ்சு நீரை உள்ளே முழுவதும் ஏற்றுக்கொள்வது உட்கவர்தல். புதுக் காலணிப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரத்தைத் தன் நுண்துளைகளின் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்வது பரப்புக் கவர்தல். ஒரு கிராம் சிலிக்கா ஜெல்லுக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருப்பதால்தான் அவ்வளவு சிறிய பொட்டலம் போதுமானதாக இருக்கிறது.

கழிவு நீக்கத்தையும் மலம் வெளியேறுதலையும் ஒன்றாக எழுதுபவர்கள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: வெளியேறும் பொருள் எப்போதாவது செல்லுக்குள் இருந்ததா? செல்களின் வளர்சிதை மாற்றத்தில் உண்டான யூரியா சிறுநீராக வெளியேறுவது கழிவு நீக்கம். செரிக்காத நார்ச்சத்து உணவுக்குழலின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறியது, அவ்வளவே.

படி 7: பெயரை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள்

மைட்டாசிஸ், மியாசிஸ் என்ற இரு வகைச் செல் பகுப்புகளின் பாடத்தில் நிலைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிடக் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டே போவது பயனளிக்கும். அதற்கு முதலில் குரோமோசோமையும், இரட்டிப்பான குரோமோசோமின் இரு இழைகளில் ஒன்றான குரோமாட்டிட்டையும் பிரிக்க வேண்டும். எண்ணும் விதி எளிது: அந்த இழைகள் இணைந்திருக்கும் இடமான சென்ட்ரோமியர்களை எண்ணினால் குரோமோசோம்களின் எண்ணிக்கை கிடைக்கும். மனித உடல் செல்லில் 46 குரோமோசோம்கள். பகுப்புக்கு முன் டி.என்.ஏ. இரட்டிப்பான பிறகும் அவை 46-தான். ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிட்டுகள் இருப்பதால் குரோமாட்டிட்டுகளின் எண்ணிக்கை மட்டும் 92.

மைட்டாசிஸில் 46-உம் செல்லின் நடுவே ஒற்றை வரிசையில் நிற்கின்றன, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது, முடிவில் 46 குரோமோசோம்கள் கொண்ட இரண்டு செல்கள். மியாசிஸின் முதல் பகுப்பில் அவை 23 இணைகளாக நிற்கின்றன; இணைகள் பிரிந்து 23 குரோமோசோம்கள் கொண்ட இரண்டு செல்கள் உண்டாகின்றன, ஆனால் ஒவ்வொரு குரோமோசோமிலும் இன்னமும் இரண்டு குரோமாட்டிட்டுகள் உள்ளன. எண்ணிக்கை பாதியாவது இந்த இடத்தில்தான். இரண்டாம் பகுப்பு, மைட்டாசிஸைப் போலவே குரோமாட்டிட்டுகளைப் பிரிக்கிறது. முடிவில் 23 கொண்ட நான்கு செல்கள். பெண்களில் அந்த நான்கில் ஒன்று மட்டுமே கருமுட்டையாகிறது என்பதை அடிக்குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள்.

படி 8: கையில் உள்ள நூல் எங்கே அச்சானது என்று பாருங்கள்

இணையத்தில் தமிழில் அறிவியல் படிப்பவர்கள் தமிழ்நாட்டுப் பாடநூல்களையும் இலங்கைப் பாடநூல்களையும் மாறி மாறிப் பார்க்க நேரும். இரண்டு நாடுகளிலும் கலைச்சொல் மரபு வேறு. தமிழ்நாட்டில் தனிமம், சேர்மம், ஐசோடோப்பு, செல், குரோமோசோம் என்று எழுதுவதை இலங்கையில் மூலகம், சேர்வை, சமதானி, கலம், நிறமூர்த்தம் என்று எழுதுகிறார்கள். இவை அறிமுகமில்லாத சொற்கள் என்பதால் நின்று பார்த்துவிடுவோம். அறிமுகமான சொல் வேறு பொருளில் வரும் இடங்களில்தான் வழுக்கும். அங்கே நாடி என்றால் தமனி, நாளம் என்றால் சிரை. இங்கே நாடி என்றதும் நாடித்துடிப்பும், நாளம் என்றதும் நாளமில்லாச் சுரப்பியும் நினைவுக்கு வரும். அங்கே ஒடுக்கற்பிரிவு என்பது மியாசிஸ். இங்கே ஒடுக்கம் என்பது எலக்ட்ரானைப் பெறுதல், அதை அங்கே தாழ்த்தல் என்பார்கள். உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதற்கென ஓர் அட்டவணையைத் தொடங்கி, புதுச் சொல் எதிர்ப்படும்போதெல்லாம் சேர்த்துக்கொண்டே போங்கள்.

படி 9: "வேறுபடுத்துக" என்ற வினாவுக்கு வரிக்கு வரி பொருந்த எழுதுங்கள்

இடப்பக்கம் "தமனியின் சுவர் தடித்தது" என்றும், அதற்கு நேர் வலப்பக்கம் "சிரைகளில் வால்வுகள் உண்டு" என்றும் எழுதிய விடைத்தாள்களுக்குக் குறைவே இல்லை. இரண்டு கூற்றுகளும் சரி. ஆனால் அங்கே வேறுபாடு எதுவும் சொல்லப்படவில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்த வரி எதைப் பற்றியது என்று பென்சிலால் ஒரு சொல் எழுதிக்கொள்ளுங்கள்: திசை, சுவர், வால்வு, ஆக்சிஜன். பிறகு இரண்டு பக்கமும் அதே சொல்லுக்கு விடை எழுதுங்கள். திசையை முதல் வரியாக வையுங்கள். ஆக்சிஜனைக் கடைசி வரியில் வைத்து, அதனருகிலேயே நுரையீரல் தமனியும் நுரையீரல் சிரையும் விதிவிலக்கு என்று குறித்துவிடுங்கள்.

நூலுக்கு நூல் வரையறை மாறும் இணைகளில், எடுத்துக்காட்டாகக் காற்றில்லாச் சுவாசமும் நொதித்தலும் போன்றவற்றில், பள்ளித் தேர்வுக்கு உங்கள் பாடநூல் சொல்வதையே எழுதுங்கள். வேறுபாட்டை நோட்டில் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டால் கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கும்போது அது உதவும்.